இடது கையின் சத்தம்

எக்ஸ்ட்ரீம் மெட்டல் கேட்கிறவர்களிடம் ஒரு வினோதமான பழக்கம் உண்டு. ஓர் ஆல்பம் வெளியான முதல் நாளே, பாட்டு எப்படி, வரிகள் எப்படி என்பதற்கெல்லாம் முன்னால், "ஸ்னேர் சவுண்டு எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். நல்ல ஆல்பத்தை ஸ்னேர் சத்தம் பிடிக்காமல் பாதியில் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். சுமாரான ஆல்பத்தை ஸ்னேருக்காகவே வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களையும் தெரியும். வெளியே நின்று பார்க்கிறவருக்கு, ஒரு நாவலை அதன் முற்றுப்புள்ளிகளுக்காக வெறுப்பது போலத்தான் இது தெரியும். ஆனால் இந்த இசைக்குள் கொஞ்ச காலம் இருந்தவர்களுக்குப் புரியும், இங்கே முற்றுப்புள்ளிகள் நொடிக்கு எட்டு விழுகின்றன. அவை எப்படி விழுகின்றன என்பதில்தான் பாதி இசை இருக்கிறது.

ஆகவே ஒரு டிரம்மர் எந்த ஸ்னேரைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை ஓர் அழகியல் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறேன். கடைப் பட்டியலாகப் பேசினால் எஃகா, பித்தளையா, மேப்பிள் மரமா என்று தொடங்கி விலையில் போய் முடியும். அதையும் கடைசியில் தொடுவோம்.

1

முதலில் கொஞ்சம் அடிப்படை. டிரம்மரின் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே நிற்கும் தட்டையான டிரம்தான் ஸ்னேர். பெரும்பாலும் 14 அங்குல விட்டம், 5 முதல் 6.5 அங்குல ஆழம். மேலே ஒரு தோல், கீழே அதைவிட மிக மெல்லிய இன்னொரு தோல். தோல் என்பது பழகிப்போன பேச்சு. 1950களின் பிற்பகுதியிலிருந்து அது பிளாஸ்டிக் படலம்தான். கீழ்த்தோலை ஒட்டி, வழக்கமாக இருபது மெல்லிய சுருள்கம்பிகள் குறுக்கே ஓடுகின்றன. மேலே குச்சி விழுந்ததும் உள்ளிருக்கும் காற்று கீழ்த்தோலைத் தள்ளுகிறது, கம்பிகள் அதன்மேல் அதிர்ந்து 'சர்' என்கின்றன. பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதைத் தட்டிவிட்டால் கம்பிகள் தோலைவிட்டு விலகிவிடும். அப்போது மிஞ்சுவது வெறும் 'டங்'.

அடுத்தது பிளாஸ்ட் பீட். பாஸ் டிரமும் சிம்பலும் ஒன்றாக விழ, அவற்றின் இடைவெளிகளில் ஸ்னேர் விழ, இது நிற்காமல் மாறி மாறி ஓடுவது. இந்தப் பெயரைப் பரவலாக்கியவர் இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த நேபாம் டெத் குழுவின் டிரம்மர் மிக் ஹாரிஸ். அவர்களுடைய 'ஸ்கம்' 1987இல் வந்தது. அந்த இசைத்தட்டின் முதல் பக்கத்தில் வாசித்தவர்களும் இரண்டாம் பக்கத்தில் வாசித்தவர்களும் வேறு வேறு ஆட்கள்; இரண்டிலும் இருப்பவர் ஹாரிஸ் மட்டும்தான். கிட்டாரிஸ்ட் மாறினாலும் பாடகர் மாறினாலும் அது ஒரே குழுவாகக் கேட்கிறதென்றால், இந்த இசையின் அடையாளம் எங்கே குடியிருக்கிறது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 240 துடிப்பு வேகத்தில் ஒரு பிளாஸ்ட் பீட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய டெத் மெட்டலில் இது சாதாரணம். ஒரு துடிப்புக்கு இரண்டு ஸ்னேர் அடி, அதாவது நொடிக்கு எட்டு. ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே 125 மில்லிசெகண்டு. அதன் நட்டநடுவில் பாஸ் டிரமும் சிம்பலும் வேறு வந்து விழுகின்றன. ஆக, ஒரு ஸ்னேர் அடி பிறந்து, தன்னைக் காட்டி, செத்துப்போக அதற்குக் கிடைப்பது இமைப்பொழுதுகூட இல்லை. அதற்குள் சாகாவிட்டால் அடுத்த அடியின் மேல் போய் விழும்.

பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவி படித்திருப்போம். சடசட, படபட, மடமட. பிரித்தால் பொருள் தராது என்பது இலக்கணம். 'சட' என்று ஒருமுறை சொன்னால் ஒன்றுமே இல்லை, இரண்டு முறை சொன்னால் மழை பெய்கிறது. பிளாஸ்ட் பீட்டும் இரட்டைக்கிளவிதான். அதிலிருந்து ஒற்றை அடியைப் பிய்த்து எடுத்தால் அதற்குப் பொருள் கிடையாது. ஆனால் 'சடசட' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்த 'ட' வரும்போது நாக்கு மேலே ஒரு தட்டுத் தட்டி ஒலியை வெட்டுகிறது. அந்த வெட்டு இல்லாவிட்டால் ஒரே இழுவையாக இழுபடும். ஸ்னேரைத் தேர்கிற டிரம்மர் அந்த வெட்டின் கூர்மையைத்தான் தேர்கிறார். எவ்வளவு சத்தம் வேண்டும் என்பதைவிட, சத்தம் எவ்வளவு சீக்கிரம் அடங்க வேண்டும் என்பதே அவருடைய முதல் கேள்வி.

2

இதற்கு நல்ல உதாரணம் எக்ஸ்ட்ரீம் மெட்டலுக்குச் சற்று வெளியே இருக்கிறது. ஒரே டிரம்மர், ஒரே தயாரிப்பாளர், இரண்டு ஆல்பங்கள். மெட்டாலிகாவின் லார்ஸ் உல்ரிக், தயாரிப்பாளர் பாப் ராக்.

1991இல் வந்த 'பிளாக் ஆல்பம்' என்று எல்லோரும் சொல்லும் ஆல்பத்தில் லார்ஸ் பயன்படுத்தியது டாமா நிறுவனத்தின் பெல் பிராஸ் ஸ்னேர். மணி வார்க்கும் உலோகத்தைப் பெயரில் வைத்திருக்கும், தடித்த கூடு கொண்ட கனமான டிரம். அந்த ஆல்பத்தின் வேகம் பெரும்பாலும் நிதானம். ஓர் அடி விழுந்தால் அறை முழுக்க விரிந்து, தன் வாலைச் சுருட்டிக்கொள்ள அவகாசம் இருக்கிறது. அடுத்த அடி வரும்வரை நாம் காத்திருக்கிறோம். காத்திருப்பதனால்தான் அது பிரம்மாண்டமாகக் கேட்கிறது.

2003இல் 'செயின்ட் ஆங்கர்'. இம்முறை நெம்புகோல் விலக்கப்பட்டிருக்கிறது. கம்பிகள் இல்லாத ஸ்னேர், 'டங் டங்' என்று ஆல்பம் முழுக்க. தகர டப்பா, பெயின்ட் டின், குப்பைத்தொட்டி என்று ரசிகர்கள் வைக்காத பெயர் இல்லை. இருபது வருடங்களாகியும் கிண்டல் அடங்கவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சத்தத்தில் ஒரு முரட்டு நேர்மை இருக்கிறது. மெருகு போட்ட ஸ்னேரின் மேல் எரிச்சலுற்ற ஒருவரின் சத்தம் அது. எனக்கு அது பிடிக்காமல் போவது அதன் அசிங்கத்தால் அல்ல. கம்பிகள் செய்கிற வேலை என்ன என்பதை அந்த ஆல்பம் இல்லாமையால் காட்டிவிடுகிறது. கம்பிகளின் 'சர்' என்பது சுருதியற்ற இரைச்சல். அது தோலின் சுருதியை மூடிமறைக்கிறது. மூடியை எடுத்ததும் ஸ்னேருக்கு ஒரு சுரம் வந்துவிடுகிறது. அந்தச் சுரம் நீண்டு ஒலிக்கிறது. கிட்டார் வேறொரு சுரத்தில் இருக்கும்போது அதன் மேல் இது ஒட்டாமல் உரசுகிறது. நிதானமான இடங்களில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். வேகமான இடங்களில் ஒவ்வோர் அடியின் வாலும் அடுத்த அடியின் தலையில் ஏறிக்கொள்கிறது. கோபம் என்று நினைத்து வைத்த சத்தம், காதில் களைப்பாக வந்து சேர்கிறது.

3

வேகமான மெட்டலின் ஸ்னேர்கள் பெரும்பாலும் ஏன் அவ்வளவு உயர்ந்த சுருதியில், இறுக்கமாக, 'டிக் டிக்' என்று இருக்கின்றன? இதை ஒரு பாணி என்றோ, ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததென்றோ சொல்லிவிடலாம். எனக்கு இன்னொரு பதிலும் உண்டு. அது மணிக்கட்டில் இருக்கிறது.

வழக்கமான பிளாஸ்ட் பீட்டில், வலது கைப் பழக்கமுள்ள டிரம்மரின் வலது கை சிம்பலில் இருக்கும். ஸ்னேரை அடிப்பது இடது கை. பெரும்பாலானவர்களுக்கு அது பலம் குறைந்த கை. சாப்பிடாத, எழுதாத, பந்து எறியாத கை. உலகத்திலேயே மிக வன்முறையான இசை என்று பேர் வாங்கிய ஒன்று, அதன் நடுமையத்தில், மனிதனின் சோப்ளாங்கிக் கையை நம்பி ஓடுகிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

நொடிக்கு எட்டு அடி அடிக்கும்போது குச்சியை உயரத் தூக்க முடியாது. சில அங்குல உயரம்தான். விசையும் குறைவு. கையைத் தூக்கி ஓங்கி அடிக்கிற ராக் டிரம்மர் கேட்கிற வேலையை இந்த அடி செய்ய முடியாது. ஆகவே, மெல்லிய அடிக்கும் முழுசாகப் பேசுகிற ஸ்னேர் வேண்டும். இரண்டாவது, குச்சி தானாகவே எகிறித் திரும்பி வர வேண்டும். தொய்வான தோலில் விழுந்த குச்சி சேற்றில் விழுந்த மாதிரி கிடக்கும். ஒவ்வொரு முறையும் அதைக் கையால் எடுக்க வேண்டும். இறுகிய தோல் குச்சியைத் திருப்பி அனுப்பிவிடும், பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். தோலை இறுக்கினால் சுருதி ஏறும். அவ்ளோதான். பலர் குளிர்ச்சியானது, இயந்திரத்தனமானது என்று சொல்லும் அந்த உயர்சுருதி, அசந்துபோகும் ஒரு கைக்குச் செய்துகொடுத்த உதவி.

இதில் கிட்டாருக்கும் பங்கு உண்டு. தாழ்ந்த சுருதியில் கட்டி, முறுக்கேற்றிய டிஸ்டார்ஷன் கிட்டார்கள் ஒலியின் நடுப்பகுதி முழுவதையும் அடைத்துக்கொள்கின்றன. மேலே சிம்பல்கள், கீழே பாஸ் டிரம். ஆழமான, கொழுத்த ஸ்னேர் தனியாகக் கேட்கும்போது அருமையாக இருக்கும். குழுவோடு சேர்ந்ததும் காணாமல் போய்விடும். நெரிசலான பஸ்ஸில் கிடைக்கிற இடத்தில் காலை ஊன்றுவது போல, ஸ்னேர் மேலே ஏறித் தனக்கு ஒரு சந்து தேடிக்கொள்கிறது.

1980களின் பொது ரசனை இதற்கு நேரெதிராக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாப், ராக் பதிவுகளில் ஸ்னேர் எதிரொலி பூசிப் பூசி வீங்கிக்கொண்டிருந்த காலம். அதே காலத்தில், 1986இல், ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' வந்தது. மொத்தம் ஏறக்குறைய 29 நிமிடம். தயாரிப்பாளர் ரிக் ரூபின் எதிரொலியை வழித்தெடுத்துவிட்டார். டேவ் லொம்பார்டோவின் ஸ்னேர் அதில் எலும்பு மாதிரி உலர்ந்து கிடக்கிறது. பின்னால் வந்த எக்ஸ்ட்ரீம் டிரம்மிங்குக்கு அந்த உலர்வு ஒரு வாசலைத் திறந்துவிட்டது. ஈரம் போனதால்தான் வேகத்தைக் கேட்க முடிந்தது.

4

எல்லோரும் வெட்டையே தேர்ந்தெடுத்தார்கள் என்றில்லை. நான் அடிக்கடி எதிரெதிரே வைத்துக் கேட்கும் இரண்டு ஆல்பங்கள் உண்டு.

ஒன்று, கனடாவின் கிரிப்டாப்சி 1996இல் வெளியிட்ட 'நன் சோ வைல்'. டிரம்மர் ஃப்ளோ மூனியே. அங்கே ஸ்னேர் மிக்ஸில் முன்னால் வந்து நிற்கிறது. உயர்ந்த சுருதி, குறுகிய வால், சுத்தியலால் கண்ணாடியைத் தட்டுவது போல ஒரு முனை. இசை எவ்வளவு சிக்கலாகப் போனாலும் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். கவனித்துக் கேட்டால் அடிகள் எல்லாம் ஒரே அளவாக இல்லை என்பது தெரியும். சில அடி தோலின் மையத்தில் விழுகிறது, சில விளிம்பை நோக்கி நகர்கிறது. ஒரு நீண்ட பிளாஸ்ட் முடிந்து வேறு தாளத்துக்குத் திரும்பும் இடத்தில் ஓர் அடி சட்டென்று கனமாகிறது, ஆள் மூச்சு வாங்கியது போல. ஸ்னேர் கூர்மையாக இருப்பதால்தான் இந்த ஏற்ற இறக்கம் நம் காதுக்கு வருகிறது. கூர்மையான ஸ்னேர் தவறையும் கூர்மையாகக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் துணிச்சலுக்காகவும் இந்த ஆல்பத்தை எனக்குப் பிடிக்கும்.

இன்னொன்று, நார்வேயின் டார்க்த்ரோன் 1994இல் வெளியிட்ட 'டிரான்சில்வேனியன் ஹங்கர்'. எல்லா வாத்தியங்களையும் வாசித்தவர் ஃபென்ரிஸ் ஒருவரே. பதிவானது நான்கு தடங்கள் மட்டுமே உள்ள ஓர் எளிய கருவியில். இங்கே ஸ்னேர் பின்னால், கிட்டாரின் உறைபனிக்குள், பாதி புதைந்து கிடக்கிறது. ஒரே தாளம், மாறாமல், பாட்டு முழுக்க. கொஞ்ச நேரத்தில் அடிகளை எண்ணுவதை மனசு விட்டுவிடுகிறது. அடிகள் கரைந்து ஒரே இரைச்சலாகி, வெளியே பெய்யும் பனியை ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல ஆகிவிடுகிறது. வேகமான இசைதான், ஆனால் கேட்கிறவருக்கு அசைவே இல்லை. இரட்டைக்கிளவியிலிருந்து வெட்டை எடுத்துவிட்டால் இழுவை மிஞ்சும் என்று முன்பு சொன்னேன். ஃபென்ரிஸ் அந்த இழுவையையே இசையாக்கினார். கிரிப்டாப்சியின் ஸ்னேரைத் தூக்கி இந்த ஆல்பத்தில் வைத்தால் பனி உடைந்துபோகும். இந்த ஸ்னேரை அங்கே வைத்தால் வெறும் சேறு.

நல்ல ஸ்னேர், மோசமான ஸ்னேர் என்று பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனது இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுத்தான். இசை கேட்கும் கேள்விக்கு ஸ்னேர் பதில் சொல்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

5

என்னுடைய வழக்கு இங்கே தொடங்குகிறது. கடந்த இருபது வருட எக்ஸ்ட்ரீம் மெட்டலில் கணிசமான ஆல்பங்களின் ஸ்னேர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை. காரணம், நாம் கேட்பது அந்த டிரம்மர் அன்று அடித்த ஸ்னேரே அல்ல.

டிரம்மர் வாசித்ததைப் பதிவுசெய்கிறார்கள். பிறகு மென்பொருள் ஒவ்வோர் அடியையும் அடையாளம் கண்டு, அதன் இடத்தில் முன்பே பதிவுசெய்து வைத்த ஓர் அழகான ஸ்னேர் அடியை வைக்கிறது. சில நேரம் அசலோடு கலக்கிறார்கள், சில நேரம் அசலை முழுக்க எடுத்துவிடுகிறார்கள். கூடவே அடிகளை நேரக் கட்டத்தில் நூல் பிடித்தாற்போல் அடுக்குகிறார்கள். இதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. வேகமான பிளாஸ்டில் இடது கையின் அடி பலவீனமாக இருக்கும். பக்கத்துச் சிம்பலின் சத்தம் ஸ்னேர் மைக்குக்குள் புகுந்துவிடும். ஸ்டூடியோ நேரத்துக்குக் காசு. ஒலிப்பொறியாளரைக் குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனால் என்ன நடக்கிறது பாருங்கள். நொடிக்கு எட்டு அடி. எட்டும் ஒரே அடி, ஒரே மாதிரி. மனிதக் காது இந்த ஒருமையை உடனே கண்டுபிடித்துவிடும். டிரம்மர்கள் மத்தியில் இதற்குப் பெயரே 'மெஷின் கன்'. இதில் அழிந்துபோனது இடது கை. அதன் தயக்கம், களைப்பு, மூன்றாவது நிமிடத்தில் அது லேசாகத் தாழ்வது, கடைசி வரிக்கு முன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுவது. இத்தனை ஆண்டுகள் பயிற்சி செய்து ஒருவர் தன் பலவீனமான கையை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறார். நாம் அதைக் கேட்க வரும்போது கதவைச் சாத்திவிட்டு, உள்ளே ஒரு புகைப்படத்தைக் காட்டுகிறார்கள்.

இயந்திரத்துக்கு எதிராக நான் பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்வீடனின் மெஷுகா 2005இல் வெளியிட்ட 'கேட்ச் தர்ட்டித்ரீ' ஆல்பத்தின் டிரம்கள் முழுக்கக் கணினியில் கோக்கப்பட்டவை. அதைக் குழுவே வெளிப்படையாகச் சொன்னது. அந்த ஆல்பம் ஒரே நீண்ட படைப்பாக, மனித உடல் இல்லாத ஓர் இடத்தில் நடப்பது போலத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே அந்த ஸ்னேர் சரியாகப் பொருந்துகிறது. 2008இல் 'ஆப்சென்' ஆல்பத்தில் தோமஸ் ஹாகே திரும்ப வந்து உட்கார்ந்து வாசித்தபோது வித்தியாசத்தை உடம்பால் உணர முடிந்தது. இயந்திரமாக இருக்க முடிவெடுப்பது வேறு. மனிதர் வாசித்ததாகச் சொல்லிக்கொண்டு மனிதரைத் துடைத்துவிடுவது வேறு. இந்த இசையின் பெருமையே, உடம்பு இதைச் செய்ய முடியுமா என்ற சந்தேகத்தை ஒவ்வொரு நொடியும் உயிரோடு வைத்திருப்பது. சந்தேகத்தைத் தீர்த்து வைத்துவிட்டால் நான் எதற்காகக் கேட்க வேண்டும்?

6

புதிதாக ஸ்னேர் வாங்கப்போகும் ஓர் இளம் டிரம்மரிடம் இதெல்லாம் என்ன சொல்கிறது? கடையில் நின்று ஒற்றை அடி அடித்துப் பார்த்து வாங்காதீர்கள் என்று சொல்கிறது. ஒற்றை அடிக்கு எல்லா ஸ்னேரும் அழகாகத்தான் பேசும். இடது கையால், உங்களால் முடிந்த அதிக வேகத்தில், அரை நிமிடம் அடியுங்கள். கை சோர்ந்த பிறகும் அது பேசுகிறதா? மையத்திலிருந்து விலகி விழுந்த அடிக்கும் பதில் வருகிறதா?

அளவைப் பொறுத்தவரை 14 அங்குல விட்டமும் 5 அல்லது 5.5 அங்குல ஆழமும் உள்ளது பொதுவாகச் சீக்கிரம் பதில் சொல்லும். ஆழம் கூடினால் உடம்பு கூடும், சுறுசுறுப்புக் கொஞ்சம் குறையும். விட்டத்தைக் குறைத்து ஆழத்தை வைத்துக்கொள்வது இன்னொரு வழி. ஸ்லிப்நாட்டின் ஜோயி ஜோர்டிசன் பெயரில் பேர்ல் நிறுவனம் வெளியிட்ட எஃகு ஸ்னேர் 13 அங்குல விட்டமும் 6.5 அங்குல ஆழமும் கொண்டது. எஃகு பளிச்சென்று வெட்டும், வாலும் நீளும். பித்தளை கொஞ்சம் சூடானது. அலுமினியம் உலர்ந்தது. மேப்பிள் மரம் மிருதுவானது. ஆனால் இவற்றைவிடப் பெரிய மாற்றத்தைத் தோலும் இறுக்கமும் கொண்டுவரும். கூட்டை மாற்றும் முன் தோலை மாற்றுங்கள், செலவும் குறைவு. ஒற்றை அடுக்குத் தோல் நன்றாக எகிறும், மெல்லிய அடிக்கும் பேசும். அடியில் ஒரு வட்டப் பொட்டு ஒட்டியது கிடைத்தால் கொஞ்சம் நாள் தாங்கும். இரண்டு அடுக்குத் தோல் முரட்டு அடியைத் தாங்கும், மெல்லிய அடியை விழுங்கிவிடும். கீழ்த்தோலை நன்றாக இறுக்குங்கள். கம்பிகளை மட்டும் அளவுக்கு மீறி இறுக்காதீர்கள், குரல்வளையைப் பிடித்த மாதிரி ஆகிவிடும். வால் நீளமாக இருந்தால் மேல்தோலில் விளிம்போரம் ஒரு துண்டு டேப் போதும். பர்ஸை எடுத்து ஸ்னேர் மேல் வைத்துப் பதிவுசெய்தவர்கள்கூட உண்டு.

முக்கியமாக, தனியாக வைத்து முடிவெடுக்காதீர்கள். நண்பர்களைக் கூப்பிட்டு கிட்டார்களை முழுச் சத்தத்தில் வைக்கச் சொல்லி, அறையின் எதிர்மூலையில் போனை வைத்துப் பதிவுசெய்து கேளுங்கள். அந்தப் பதிவில் மூன்றாவது நிமிடத்துக்குப் போங்கள். கை சோர்ந்திருக்கும். சோர்ந்த அடிகளும் உங்கள் அடிகளாகக் கேட்கின்றனவா என்று பாருங்கள். கேட்டால், அப்புறம் விலையை விசாரியுங்கள்.